நாற்காலி தூக்க மட்டுமா நம் பிள்ளைகள்?

(கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகங்களில், இளையோரோடு வேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள். பதில் சொல்பவர், ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சிப் பக்கம் ஒரு ரயில்வே காலனிப் பங்கில் இளையோர் வழிகாட்டி. பிள்ளைகளுக்கு அவர் 'அங்கிள்', வாசகர்களுக்கும் அப்படியே.)

கேள்வி: அங்கிள், எனக்கு வயது 24. ஐ.டி. கம்பெனியில் வேலை. போன மாதம் பூசை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பங்குத்தந்தை கூப்பிட்டு, "ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் படிக்கிற பிள்ளைகளை இனி நீதாம்மா பார்த்துக்கணும்" என்றார். மறுக்க முடியவில்லை. பைபிளில் எந்த நூலுக்குப் பிறகு எந்த நூல் என்றுகூட எனக்குத் தெரியாது. கிட்டார் வராது. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். என்னை ஏன் பிடித்தார் என்றே தெரியவில்லை.
ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: ஏன் பிடித்தார் என்று எனக்குத் தெரியும். பூசை முடிந்ததும் ஓடிவிடாமல் நின்றீர்கள். நம் பங்குகளில் பாதி நியமனம் அப்படித்தான் நடக்கிறது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள் அம்மா. பிள்ளைகளும் உங்களிடம் எதிர்பார்க்கப்போவது அந்த நிற்பதைத்தான்.

தொன் போஸ்கோ கதை ஒன்று உண்டு. 1841 டிசம்பர் 8, இத்தாலியில் தூரின் நகரம். பூசைக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார் அந்த இளம் குரு. குளிருக்கு ஒதுங்கிய ஒரு பையனைப் பூசைக்கு உதவச் சொல்கிறார் கோயில் வேலைக்காரர். அவனுக்குத் தெரியாது. தெரியாமல் இங்கே என்ன வேலை என்று அடித்து விரட்டுகிறார். தொன் போஸ்கோ அவனைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கிறார். பெயர் பர்த்தொலொமேயோ கரெல்லி. அப்பா அம்மா இல்லை. எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. சரி, சீட்டியடிக்கத் தெரியுமா? பையன் சிரித்துவிட்டான். அவர் பின்னர் தொடங்கிய சலேசிய சபையார் தங்கள் பணியின் தொடக்கமாகச் சொல்வது இந்தச் சிரிப்பைத்தான். அந்தச் சபை 1906-இல் நம் தஞ்சாவூருக்கும் வந்து சேர்ந்தது. பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதிலேயே நிற்காமல், என்ன தெரியும் என்பதுவரை அந்தக் குரு விடாமல் கேட்டிருக்கிறார் பாருங்கள்.

முதல் இரண்டு மாதம் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எல்லோர் பெயரையும் மனப்பாடம் செய்யுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரை அவர்களாகச் சொன்னால் ஒழிய நீங்கள் பயன்படுத்தக் கூடாது. நண்பர்கள் முன்னால் 'அம்முக்குட்டி' என்று அழைக்கப்படுவதை விட ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பெரிய தண்டனை கிடையாது. யாருக்கு எந்தக் கிழமை டியூஷன், யாருடைய அப்பா வெளிநாட்டில், யாருக்கு வீட்டில் சாப்பாடு சரியில்லை, இதெல்லாம் தானாகக் காதில் விழும். விழுந்ததைத் திருப்பிச் சொல்லாதீர்கள். கூட்டம் ஐந்தரை என்றால் ஐந்தே காலுக்கு நீங்கள் அங்கே இருங்கள். உண்மையான பேச்செல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான் வரும், கூட்டத்தில் அல்ல.

பைபிள் பயத்துக்கு மருந்து இருக்கிறது. மாற்கு நற்செய்தி மொத்தம் 16 அதிகாரம், நான்கில் சிறியது. ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். கதை போலவே ஓடும். முதலில் அதைப் படியுங்கள். அப்புறம் வருகிற ஞாயிறு வாசகத்தை வியாழக்கிழமையே ஒருமுறை பார்த்து வையுங்கள். மறைக்கல்விக்கு வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையை நீங்கள் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம். கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டாவதைச் செய்யும் பெரியவர்களை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை.

கூச்சமா? இருக்கட்டும். கூச்சப்படுகிற பிள்ளைகள் உங்களைத் தேடி வருவார்கள்.

கேள்வி: உறுதிப்பூசுதல் வாங்கும்வரை ஒழுங்காக வருகிறார்கள். ஆயர் (பிஷப்) வந்து எண்ணெய் பூசி அந்த அருளடையாளத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் காணாமல் போகிறார்கள். அன்றைக்கு 38 பிள்ளைகள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாலு பேர். அதில் ஒன்று என் மகன், அவனும் நான் முறைத்ததால் வந்தான். என்ன செய்யலாம்?
மறைக்கல்வி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: முதலில் மணியைப் பாருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகள் டியூஷனில் இருப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வருகிற நேரம்தான் பொதுத்தேர்வும் வருகிறது. தேர்வுக் காலத்தில் வாராவாரம் தியானம், ஜெபமாலை என்று கட்டாயப்படுத்திவிட்டு "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை" என்று புலம்புவது நியாயமில்லை. எங்கள் பக்கம் ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். தேர்வு முடியும்வரை பெரிய பிள்ளைகளுக்குக் கூட்டமே இல்லை, தேர்வுக்கு முந்தின ஞாயிறு ஒரு சின்ன ஜெபம், ஆளுக்கொரு பேனா, அவ்வளவுதான்.

ஆனால் மணியை மாற்றினால் நாலு பேர் பத்துப் பேராவார்கள், அதற்கு மேல் ஆகாது. அதற்கு மேல் ஆக வேண்டுமென்றால் நம்மையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. திருவிழா நேரத்தில் மைக்கில் "இளையோர் உடனே கொடிமரத்தடிக்கு வரவும்" என்று கூப்பிடுகிறோமே, எதற்கு? தோரணம் கட்ட, நாற்காலி அடுக்க, தேர் தூக்க, பந்தியில் இலை எடுக்க. எந்த வருடமாவது கணக்குப் பார்க்கக் கூப்பிட்டோமா? இந்த வருடம் வாணவேடிக்கை வேண்டுமா, அந்தப் பணத்தில் வேறு ஏதாவது செய்யலாமா என்று முடிவெடுக்கிற இடத்தில் அவர்களில் இருவராவது உட்கார்ந்தார்களா? உறுதிப்பூசுதலுக்கு முன்னால் மனப்பாடம், பின்னால் நாற்காலி. நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

எங்கள் பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தவக்காலத்தில் பிள்ளைகளிடம், "சிலுவைப்பாதைக்கு வந்தவர்களை எண்ண வேண்டாம், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்றோம். பட்டியலோடு வந்தார்கள். பெரும்பாலும் காலனியின் பழைய பாட்டிமார். வீட்டுக்கே போய் ஏன் வரவில்லை என்றும் கேட்டிருக்கிறார்கள். மூட்டுவலி என்று பதில். சரி, மார்க்கெட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி வருகிற பாட்டிக்குக் கோயிலுக்கு வர மட்டும் எப்படி மூட்டுவலி? தோண்டிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. கோயில் வாசலில் படிகள் செங்குத்து. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஏறுவதில் பயமில்லை, பூசை முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக இறங்கும்போதுதான் பயம் என்று ஒரு பாட்டி சொன்னாராம். பங்கு மக்களின் பிரதிநிதிகளான பங்குப் பேரவை மொத்தமும் அதே படியில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கைப்பிடி அடிப்பது எனக்குத் தொழில். நானே அடித்திருந்தால் அது 'அங்கிள் போட்ட கைப்பிடி' ஆகியிருக்கும். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண், தன் பாட்டியைப் படியில் நிற்கவைத்து, கை இயல்பாக எந்த உயரத்தில் தங்குகிறது என்று டேப் வைத்து அளந்தாள். ஒரு பாட்டி போதாது என்று நெட்டைப் பாட்டி, குட்டைப் பாட்டி என்று இன்னும் சிலரை நிறுத்தினார்கள். பையன்கள் வெல்டிங் பட்டறைகளில் விலை கேட்டு வந்தார்கள். இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை. சித்திரை வெயிலில் ஸ்டீல் கையைச் சுடும் என்றான் ஒருவன். இரும்பு துருப்பிடிக்கும், வருடா வருடம் பெயிண்ட் அடிக்க நீ வருவியா என்றாள் இன்னொருத்தி. ஸ்டீல் வென்றது. பேரவையில் எழுந்து பேசியது அவர்களில் ரொம்பக் கூச்சமான பையன், ஏனென்றால் விலைப்பட்டியல் அவன் கையெழுத்தில் இருந்தது, வேறு யாராலும் படிக்க முடியவில்லை. பேரவை பாதிப் பணம் தந்தது. மீதிக்கு வீடு வீடாகப் பழைய பேப்பர் வாங்கி விற்றார்கள். வரவு செலவு முழுவதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள், டீச்செலவு உட்பட. டீச்செலவு ஜாஸ்தி என்று ஒரு பெரியவர் ஆட்சேபித்தார். அதற்கும் அவர்களே பதில் சொன்னார்கள். பதில் எனக்கே பிடித்திருந்தது: "தாத்தா, நீங்களும் அன்னைக்கு ரெண்டு டீ குடிச்சீங்க."

அந்தப் பிள்ளைகளில் பலர் கல்லூரி போகும்வரை கூட்டத்துக்கு வந்தார்கள். எல்லோரும் இல்லை. சிலர் என்ன செய்தாலும் வர மாட்டார்கள். அவர்களை வழியில் பார்த்தால் நலம் விசாரித்துவிட்டு விட்டுவிடுங்கள், "ஏன் வரல" என்று தொடங்காதீர்கள்.

இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. பெல்ஜியம் நாட்டுக் குரு யோசேப்பு கார்டைன் 1925-இல் இளம் தொழிலாளர் இயக்கத்தை அமைத்தபோது ஆலைப் பிள்ளைகளுக்குப் பழக்கியது: பார், சீர்தூக்கு, செயல்படு. திருத்தந்தை 23-ஆம் யோவான் 1961-இல் தமது சுற்றுமடலிலேயே இந்த மூன்று படிகளையும் எழுதி, இளைஞர்களைப் பழக்கச் சொன்னார். நம் பள்ளிகளில் இளம் கத்தோலிக்க மாணவர் இயக்கம் நடத்தியவர்களுக்கு இது தெரிந்த பாட்டுதான். 2018-இல் இளையோருக்கான ஆயர் மாமன்றம் கூடிய பிறகு, 2019 மார்ச் 25-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட மடலிலும், இளையோர் பணியைச் செய்ய வேண்டியவர்களே இளையோர்தான், பெரியவர்கள் உடன் நடந்தால் போதும் என்பதை அழுத்திச் சொல்கிறார். நம் ஊரில் அதைப் படித்துவிட்டு மறுபடியும் நாற்காலி தூக்கச் சொல்கிறோம்.

கேள்வி: என் குழுவில் 15 வயதுப் பெண் ஒருத்தி தனியாக வந்து, உறவுக்காரர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாகச் சொன்னாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் முதலிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
பெயர் வேண்டாம், ஒரு கடற்கரைப் பங்கு

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் அச்சாகும்வரை காத்திருக்கவில்லை. வந்த அன்றே பதில் போய்விட்டது. மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது. காப்பாற்றவும் கூடாது. போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. 18 வயது நிரம்பாத எல்லோரும் அதன்படி குழந்தைகள். இப்படி ஒன்று நடந்ததாகத் தெரிந்தால், நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தால்கூட, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். பத்தொன்பதாவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பங்குத்தந்தையின் அனுமதி, பேரவையின் தீர்மானம் எதுவும் தேவையில்லை. எங்கே தொடங்குவது என்று கை நடுங்கினால் 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

"நான் கேட்டதும் பாவசங்கீர்த்தனம் மாதிரிதானே" என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற அந்த முத்திரை, பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருக்கும் குருவுக்கு உரியது. உங்களுக்கோ எனக்கோ அது கிடையாது.

பிள்ளையிடம் இப்படிப் பேசலாம்: நீ சொன்னதை நான் நம்புறேன், உன் மேல தப்பே இல்ல, நீ பத்திரமா இருக்கணும்னா உதவி செய்யக்கூடியவங்ககிட்ட நான் சொல்லியாகணும், ஊர்ல யாருக்கும் தெரியாது. குறுக்கு விசாரணை வேண்டாம். எத்தனை தடவை, எந்தத் தேதி என்பதெல்லாம் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் கேட்கட்டும். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி போட்டு, எழுதி வையுங்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு எச்சரிக்கிற வீரம் வேண்டவே வேண்டாம். குடும்ப மானம் என்று பஞ்சாயத்துப் பேச வருகிறவர்களிடம் விஷயத்தைக் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர்களில் பிள்ளையை இரண்டாவது முறை நொறுக்குவது அந்தப் பஞ்சாயத்துதான். தப்புச் செய்தவர் கோயில் ஆளாக, குருவாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். திருச்சபை உள்விசாரணை தனியாக நடக்கட்டும், அது காவல் நிலையத்துக்குப் பதில் ஆகாது.

இதோடு சேர்த்து, சாதாரண நாட்களில் கடைப்பிடிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். எங்கள் பங்கில் நானும் என் வீட்டம்மாவும், இன்னும் ஒரு செவிலியரும் இருக்கிறோம். என் மனைவியும் நானும் ஒரே வீடு என்பதால் மூன்றாவது ஆள் வேண்டும் என்று ஃபாதர் சொன்னார், சரியான யோசனை. பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டியிருந்தால் கோயில் முற்றத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், மற்றவர் காதுக்கு எட்டாத தூரத்தில். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குத் தனி வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள், நல்ல வசனமாகவே இருந்தாலும். வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் ஒருவராவது இருக்கட்டும். வேளாங்கண்ணிப் பாதயாத்திரையோ ஒருநாள் சுற்றுலாவோ, பெற்றோர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் பஸ்ஸில் ஏற்றக் கூடாது. பெண்பிள்ளைகள் தங்கும் அறைப் பொறுப்பு ஒரு பெண்ணிடம். படம் எடுத்துப் போடுவதற்கும் பெற்றோரைக் கேளுங்கள். "நம்ம மேல சந்தேகமா?" என்று கோபப்படுகிற வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் தீராதவர்களிடம் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டாம்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிற பையனும் பெண்ணும் குழுவில் பழகி, இப்போது காதல் என்கிறார்கள். இரண்டு வீட்டாரும் வந்து "உங்க கூட்டத்தாலதான்" என்று சண்டை. குழுவைக் கலைத்துவிடலாமா என்கிறார் பேரவைச் செயலாளர்.
இளையோர் வழிகாட்டி, மதுரை

பதில்: பஸ்ஸிலும் டியூஷனிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் வருவதுதான் கோயில் வளாகத்திலும் வந்திருக்கிறது. செயலாளர் பஸ்ஸையும் நிறுத்தச் சொல்வாரா? குழுவைக் கலைக்காதீர்கள். மறைமுகமாக மைக்கில் பிரசங்கமும் வேண்டாம், யாரைச் சொல்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இருவரையும் தனித்தனியாகப் பார்த்து, படிப்பு, வயது, ஊர்ப்பேச்சு, சட்டம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் பேசுங்கள். கேலி செய்யாதீர்கள், அவர்களுக்கு அது உலகமே.

வீட்டாரிடம் பேசும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கோபம் வயதைப் பார்த்தா, சாதியைப் பார்த்தா? கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பிய ஊர்கள் நம்முடையவை. வயதைப் பற்றிய கோபம் என்றால் நீங்கள் பெற்றோர் பக்கம் நில்லுங்கள். மற்றது என்றால் பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் மழுப்பாதீர்கள்.

கேள்வி: கூட்டத்தில் கைப்பேசியை வாங்கி வைக்கலாமா?
ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வைக்கலாம், உங்களுடையதை முதலில் வைத்தால். எங்களிடம் அதற்கென்று ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அம்மா எப்போது கூப்பிடுவாரோ என்று பதறுகிற பிள்ளைக்கு மட்டும் விலக்கு.

கேள்வி: கார்லோ அக்குதிஸ் என்றால் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். நம் புனித தேவசகாயம் என்றால் கொட்டாவி. வருத்தமாக இருக்கிறது.
ஒரு சிஸ்டர், நாகர்கோவில்

பதில்: கார்லோவுக்கு நிமிர்வதில் தப்பில்லை சிஸ்டர். 1991-இல் பிறந்து, 2006-இல் இரத்தப் புற்றுநோயில் பதினைந்து வயதில் இறந்த பையன். ஜீன்ஸ் போட்டவன், கம்ப்யூட்டர் தெரிந்தவன், நற்கருணை அற்புதங்களுக்கு ஒரு இணையதளமே செய்தவன். 2025 செப்டம்பர் 7-இல் திருத்தந்தை லியோ அவனைப் புனிதனாக அறிவித்தபோது அவனைப் பெற்ற தாய் உயிரோடு இருக்கிறார். பிள்ளைகளுக்கு அதுவே ஆச்சரியம்.

தேவசகாயத்தை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். "அவர் விசுவாசத்தில் உறுதியாக இருந்தார்" என்று தொடங்கினால் நானும் தூங்குவேன். ஆபீஸ் கதையாகத் தொடங்குங்கள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அரசில் அதிகாரி. 1741 குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் டச்சுப் படையிலிருந்த டிலனாய். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து நொந்துபோயிருந்த அதிகாரி இந்த அந்நியரிடம் மனம்விட்டுப் பேசுகிறார். பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை டிலனாய் சொல்கிறார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. அப்புறம் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகத் தொடங்க, வேலை போகிறது, சங்கிலி வருகிறது. எருமை மேல் உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போகிறார்கள். இந்த இடத்தில் நிறுத்தி, "ஏன் எருமை?" என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் அவமானப்படுத்துவதைப் பற்றி, பள்ளியில் பட்டப்பெயர் வைப்பதைப் பற்றி, வீடியோ எடுத்துப் பரப்புவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

தவிர, நீங்கள் இருப்பது நாகர்கோவில். 1752 ஜனவரி 14-இல் அவரைச் சுட்டுக்கொன்ற காற்றாடிமலை ஆரல்வாய்மொழியில், அவர் கல்லறை கோட்டாறு சவேரியார் கோயிலில். பஸ்ஸில் போகிற தூரம். 2022 மே 15-இல் புனிதரானபோது இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர். நாங்கள் திருச்சியிலிருந்து ராத்திரி ரயிலேறி வர வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளை மலையில் ஏற்றிவிட்டுக் கதையை அங்கே சொல்லுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ பையன் ஒருவன் "எனக்கு நம்பிக்கை இல்ல, ஆனா கூட்டத்துக்கு வருவேன்" என்கிறான். மற்றவர்களைக் கெடுத்துவிடுவானோ?
ஒரு வழிகாட்டி, கோவை

பதில்: வருகிறானே, அப்புறம் என்ன கவலை? தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமா, நம் ஊர் வரை வந்து உயிரைக் கொடுத்ததாக நாம் கொண்டாடும் இடம் சென்னைப் பரங்கிமலை.

எங்களிடம் ஒரு பையன் இருந்தான். அப்பா இறந்த பிறகு நற்கருணை வாங்குவதை நிறுத்திவிட்டான். ஆளாளுக்கு "எல்லாம் கடவுள் சித்தம் தம்பி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அங்கிள், அந்த வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க." சொன்னேன். அவனுக்கு ஒலிபெருக்கி வேலை பிடிக்கும் என்பதால், பூசையின்போது பின்னால் மிக்ஸர் பக்கத்தில் இடம் கொடுத்தோம். பூசைக்கு வந்த மாதிரியும் இருக்கும், வராத மாதிரியும் இருக்கும். இப்போது வேலைக்குப் போய்விட்டான். நம்புகிறானா என்று நான் கேட்டதில்லை. ஊருக்கு வந்தால் மைக் வயரைச் சரிபார்த்துவிட்டுத்தான் போகிறான்.

உங்கள் பையனிடம் வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். எதிலிருந்து இது தொடங்கியது என்று பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலும் புத்தகத்திலிருந்து தொடங்கியிருக்காது. ஒரு சாவு, ஒரு நீட் ரிசல்ட், வீட்டில் தினமும் குடித்துவிட்டு வந்து ஜெபமாலை சொல்லச் சொல்கிற ஒரு அப்பா.

கேள்வி: 2027-இல் கொரியாவில் நடக்கும் உலக இளையோர் நாளுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக ஆசை. சாத்தியமா?
ஒரு வாசகி, வேலூர்

பதில்: சியோல், ஆகஸ்ட் 3 முதல் 8 வரை. ஆசை நல்லதுதான். விமானக் கட்டணத்தையும் விசாவையும் நினைத்தால், போகப்போவது வசதியான வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். மற்றவர்கள் அவர்கள் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறைமாவட்டம் வழியாக வாய்ப்பு வந்தால் யாரை அனுப்புவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும், செலவைப் பங்கு ஏற்கட்டும். இல்லாவிட்டால், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இதே நாளைக் கிறிஸ்து அரசர் பெருவிழா அன்று கொண்டாடச் சொல்லியிருக்கிறது வத்திக்கான். முன்பு குருத்து ஞாயிறு அன்று இருந்தது, 2021-இலிருந்து மாறியது. அதற்கு ஒரு வேன் பிடித்து எல்லோரையும் கூட்டிப்போங்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியர் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள், இதற்கு நடுவில் இளையோர் குழு. மனைவி கோபமாக இருக்கிறாள். அவள் கோபம் நியாயம்தான். புதுப் பங்குத்தந்தை வந்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். விட்டுவிடலாமா?
ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: விடலாம் தம்பி. இது குருப்பட்டம் அல்ல, தன்னார்வ வேலை. ஆனால் புது ஃபாதர் மேல் உள்ள எரிச்சலில் விடாதீர்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வருவதும், வருகிறவர் முன்னவர் செய்ததை மாற்றுவதும் நம் பங்குகளில் பருவமழை மாதிரி. ஒரு வருடம் பொறுத்தால் பாதி பழையபடி ஆகிவிடும். மனைவியின் கோபத்துக்காக என்றால் இன்றைக்கே பேசுங்கள்.

திருவிழாவுக்கு முன்னால் போகாதீர்கள், முடிந்த பிறகு போங்கள். கல்லூரி போகிற பழைய பிள்ளைகளில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் இப்போதே உங்களோடு உட்காரவையுங்கள். 18 நிரம்பியவர்களாக இருக்கட்டும், அவர்களோடு மூத்தவர் ஒருவரும் வேண்டும். ஒரு நோட்டில் பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் எண், யாருக்கு என்ன ஒவ்வாமை, யாருக்கு வலிப்பு உண்டு என்பதை எழுதிக் கொடுங்கள். யாராவது உங்களிடம் மனம்விட்டுச் சொன்னதை அதில் எழுதாதீர்கள். அந்தப் பிள்ளைகளிடம் நீங்களே போய், இனி நான் வர மாட்டேன், ஆனால் என் எண் மாறாது என்று சொல்லிவிட்டு வாருங்கள். அறிவிப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். குழுப் பணம் எவ்வளவு இருந்தாலும், நூறு ரூபாயாக இருந்தாலும், ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

(கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்டு வசூலைப் பற்றி வந்திருக்கும் கோபமான கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில்.)